சந்திரகிரி மாளிகை

திருப்பதிக்கு வரும் தமிழ் மக்கள் மலையேறி இறைவனைத் தொழுகின்றனர். திருச்சானூர் சென்று தாயாரை வணங்குகின்றனர். பின்பு ஊர் திரும்புகின்றனர். சித்தூரிலும் திருப்பதியிலும் குடியேறி வாழும் நம்மவரிலும் பலர், சித்தூர்ச் சாலையில் பேருந்தில் போய் வரும்போது, சாளரத்தின் வழியே ஒரு பாறைக் குன்றையும் அதன் அடியில் நிற்கும் பழைய மாளிகை ஒன்றையும் கண்டிருப்பர். இறங்கிப் பார்த்தவர் சிலரே. அம்மாளிகையின் வரலாற்றை இங்கே சிறிது ஆராய்வோம்.

திருப்பதியிலிருந்து ஏறத்தாழ 12 கிலோமீட்டர் தொலைவில், சுவர்ணமுகி ஆற்றின் வலக்கரையில் இருப்பது சந்திரகிரி. குன்றின் மேல் ஒரு கோட்டை. குன்றின் அடியில் மதிலும் அகழியும் சூழ்ந்த மற்றொரு கோட்டை. கீழ்க்கோட்டையினுள் இரண்டு மாளிகைகள் நிற்கின்றன. பெரியதை ராஜ மகால் என்றும், சிறியதை ராணி மகால் என்றும் மக்கள் அழைக்கின்றனர். மாளிகைகளைச் சுற்றிச் சைவ வைணவக் கோயில்கள் பல சிதைந்து கிடக்கின்றன. மலையின் மேல் விழும் மழைநீர் வந்து சேர்வதற்கென ஒரு குளமும் உண்டு.

பழைய வீடு ஒன்றைப் பார்க்கும்போது நாம் பெரும்பாலும் ஒரே கேள்வியைக் கேட்கிறோம்: 'இதைக் கட்டியவர் யார்?' என்பதே அக்கேள்வி. ஆயினும் அது போதாது. கட்டிய பின் இதில் யார் யார் குடியிருந்தனர்? எதை இடித்தனர்? எதைச் சேர்த்தனர்? எப்போது இதைக் கைவிட்டனர்? இவ்வளவையும் கேட்டால்தான் ஒரு வீட்டின் கதை முழுமை பெறும். சந்திரகிரியைப் பொறுத்தவரையில் இக்கேள்விகளுக்கு விடை தேடுவது மிகவும் பயனுடையது. ஏனெனில் இம்மாளிகையைப் பற்றி வழங்கும் செய்திகளில் சில கல்லோடு பொருந்துகின்றன, சில பொருந்தவில்லை.

முதலில் கோட்டையின் கதை. கி.பி. 1000-ஐ ஒட்டி யாதவராயர் மரபினர் இக்குன்றின் மேல் கோட்டை எடுத்தனர் என்பது வழிவழி வரும் செய்தி. சோழப் பேரரசின் வடவெல்லையில், தொண்டை மண்டலத்தின் ஒரு பகுதியாக இந்நாடு அந்நாளில் விளங்கியது. 14 ஆம் நூற்றாண்டில் இது விஜயநகரத்தார் ஆட்சிக்கு உட்பட்டது. அடுத்த நூற்றாண்டில் சாளுவ நரசிம்மர் சந்திரகிரியைத் தம் இருக்கையாகக் கொண்டு, விஜயநகர வேந்தர்க்குட்பட்ட தலைவராக இப்பகுதியை ஆண்டார்; 1485-இல் பேரரசின் அரியணையையே கைப்பற்றிக்கொண்டார். ஆகவே எல்லைப்புறத்துக் கோட்டையாக இருந்த சந்திரகிரி, ஓர் அரச மரபின் பிறப்பிடம் என்னும் நிலைக்கு உயர்ந்தது. பின்னர் அச்சுத தேவராயர் அரியணை ஏறுமுன் இக்கோட்டையிலேயே வைக்கப்பட்டிருந்தார். அவருக்குக் காளத்தியில் முடிசூட்டு விழா நடைபெற்றது.

1565-இல் தலைக்கோட்டைப் போர் நிகழ்ந்தது. விஜயநகரம் என்னும் மாநகர் பாழாயிற்று. அரச குடும்பத்தினர் பெனுகொண்டாவுக்குப் பெயர்ந்தனர். அங்கும் கோல்கொண்டாப் படைகள் தொல்லை தந்தமையால், இரண்டாம் வேங்கடபதி ராயர் 16 ஆம் நூற்றாண்டின் கடைசிப் பத்தாண்டுகளில் தம் தலைநகரைச் சந்திரகிரிக்கு மாற்றினார். 1586 முதல் 1614 வரை ஆண்ட இவரே விஜயநகரத்தின் கடைசிப் பெருவேந்தர் எனலாம். இவருடைய அவைக்கு 1598-ஐ ஒட்டி இயேசு சபைப் பாதிரிமார் வந்தனர். அவர்கள் தங்கள் நாட்டுக்கு எழுதிய கடிதங்களால் இவ்வரசவையின் செய்திகள் ஐரோப்பாவை எட்டின. ஓவியத்தில் விருப்பங்கொண்ட அரசருக்காக ஐரோப்பிய ஓவியரும் இங்கே வந்து பணியாற்றினர்.

இப்போது நிற்கும் ராஜ மகால் 16 ஆம் நூற்றாண்டின் இறுதியையும் 17 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தையும் ஒட்டியது என்பது கட்டடக் கலை ஆராய்ச்சியாளர் பலரின் கருத்து. இக்கருத்தினால் ஓர் உண்மை தெளிவாகிறது. கிருஷ்ணதேவராயர் இளமையில் இம்மாளிகையில் வாழ்ந்தார் என்று இங்கே வருவோர்க்குக் கதை சொல்லப்படுவது உண்டு. அவர் 1509 முதல் 1529 வரை ஆண்டவர். இக்கோட்டையில் அவர் தங்கியிருக்கலாம். திருமலைக்கு ஏழு முறை வந்து வழிபட்ட அவருக்குச் சந்திரகிரி அயலூர் அன்று. ஆயினும் கோட்டையில் தங்கினார் என்பது வேறு. இந்த மாளிகையில் தங்கினார் என்பது வேறு. சுவர்கள் அவருக்குப் பிற்பட்டவையானால், அச்சுவர்களுக்குள் அவரைக் குடியேற்றுதல் முறையாகாது.

இனி, மாளிகையைச் சற்று உற்று நோக்குவோம். ராஜ மகால் மூன்று தளங்கள் கொண்டது. முகப்பில் வரிசை வரிசையாக வளைவுகள். அவற்றின் உச்சி கூர்மையானது. இத்தகைய கூரிய வளைவு, பீஜப்பூர், கோல்கொண்டா முதலிய சுல்தான்களின் நாடுகளில் வளர்ந்தது. ஆனால் கண்ணை மேலே உயர்த்தினால், மொட்டை மாடியின் மேல் நம் கோயில் விமானங்களைப் போன்ற சிகரங்கள் நிற்கின்றன. நடுவே இருப்பது ஏனையவற்றினும் ஓங்கியது. தளத்துக்குத் தளம் நீண்டு செல்லும் கொடுங்கைகளோ கோயில் மண்டபங்களில் நாம் கண்டு பழகியவை. மாளிகையின் நடுவில் இரு தள உயரத்துக்கு ஓங்கிய அவை மண்டபம் ஒன்று உள்ளது. சுற்றிலும் மேல்தளத்தினின்று அவையைக் காணத்தக்க நடைவழிகள் அமைந்துள்ளன. சுவர்களிலும் வளைவுகளிலும் சுதை வேலைப்பாடு இன்னும் ஆங்காங்கே காணப்படுகிறது.

யாரோடு போரிட்டுத் தலைநகரை இழந்தார்களோ, அவர்களுடைய வளைவைத் தம் மாளிகையின் முகப்பில் விஜயநகரத்தார் வைத்துக்கொண்டனர். இது நமக்கு வியப்பாகத் தோன்றலாம். ஆயினும் கொத்தனாருக்கு வளைவு பகைவனுடையதன்று. பளுவைத் தாங்கும் ஒரு முறை. கல் உத்தரத்தால் மூடக்கூடிய இடைவெளி சிறிது. செங்கல்லையும் சுண்ணாம்பையும் கொண்டு எழுப்பும் வளைவு அதனினும் அகன்ற இடைவெளியை மூடும். தலைக்கோட்டைக்கு முன்பே ஹம்பியில் தாமரை மகாலும் யானைக் கொட்டிலும் இவ்வழியில் அமைந்துவிட்டன. சந்திரகிரியில் அவ்வழக்கம் முதிர்ந்து நிற்கிறது.

இம்மாளிகையில் மற்றொரு சிறப்பும் உண்டு. இது கல், செங்கல், சுண்ணாம்புக் காரை ஆகியவற்றால் ஆனது; மரத்தைக் கொண்டு இதைக் கட்டவில்லை. இதன் பொருளை உணர வேண்டுமானால் ஹம்பியை நினைக்க வேண்டும். ஹம்பியில் கோயில்கள் நிற்கின்றன. அரசர் வாழ்ந்த அரண்மனைகளோ பெரும்பாலும் அடித்தளங்களாகவே எஞ்சியுள்ளன. அரண்மனைகளின் மேற்பகுதியில் மரம் மிகுதி. எரிக்கவும் எடுத்துச் செல்லவும் அது எளிது. மரமில்லாத தாமரை மகால் அங்கே தப்பி நிற்கிறது. சந்திரகிரி மாளிகை தப்பியதற்கும் இதுவே ஒரு பெருங் காரணம் என்று கொள்ளலாம். கறையான் அரிக்க உத்தரம் இல்லை. தீ பற்றக் கூரை இல்லை. பெயர்த்து விற்கத் தூண் இல்லை.

ராணி மகால் இதனினும் சிறியது; இரண்டு தளங்களே உடையது. கீழ்த்தளம் திறந்த வளைவுகளால் ஆனது. பெயரைக் கேட்டு இதை அந்தப்புரம் என்று எண்ணிவிடுகிறோம். ஆனால் கீழ்த்தளத்தின் அமைப்பை ஆராய்ந்தோர் அது குதிரை லாயமாக இருந்திருக்கலாம் என்றும், இது படைத்தலைவர் ஒருவரின் இருக்கையாக இருந்திருக்கலாம் என்றும் கருதுகின்றனர். குடியிருந்தவர் போன பின், பெரிய வீடு ராஜாவுக்கும் சின்ன வீடு ராணிக்கும் உரியதாக ஊரார் வாயில் பெயர் பெறுவது இயல்பே.

அதே ஆண்டுகளில் உலகின் மற்றொரு மூலையில் நடந்ததையும் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கலாம். இங்கிலாந்தில் டெர்பிஷயர் என்னும் கோட்டத்தில் ஹார்ட்விக் மாளிகை என்று ஒன்று உண்டு. ஷ்ரூஸ்பரிப் பிரபுவின் மனைவியாகிய எலிசபெத் என்னும் செல்வச் சீமாட்டி 1590-க்கும் 1597-க்கும் இடையே அதைக் கட்டினார். அதுவும் மூன்று தளங்கள் கொண்டது. அதன் கூரைக்கு மேலும் கோபுரங்கள் ஓங்குகின்றன. அக்கோபுரங்களின் உச்சியில் தம் பெயரின் முதலெழுத்துகளைக் கல்லில் பொறித்து வைத்தார் அவ்வம்மையார். குளிர்நாட்டவர் வெயிலை உள்ளே வரவழைக்கச் சுவரெங்கும் கண்ணாடிச் சாளரங்களை வைத்தனர். நம்மவரோ வெயிலை வெளியே நிறுத்த, ஆழ்ந்த வளைவுகளையும் தடித்த சுவர்களையும் வைத்தனர். காலம் ஒன்று, நோக்கமும் ஒன்று, வானமே வேறு.

ஹார்ட்விக்கின் பிற்கால வரலாறு நமக்கு மேலும் உதவுகிறது. அம்மாளிகைக்கு உரிமை பெற்ற டெவன்ஷயர் பிரபுக்கள் சாட்ஸ்வர்த் என்னும் மற்றொரு மாளிகையையே தம் முதன்மை வீடாகக் கொண்டனர். தாம் வாழ்ந்த சாட்ஸ்வர்த்தை 17 ஆம் நூற்றாண்டின் இறுதியிலிருந்து புதிய பாணிகளுக்கேற்ப மாற்றிக் கட்டினர். தாம் அதிகம் வாழாத ஹார்ட்விக்கையோ பெரிதும் அப்படியே விட்டுவிட்டனர். அதனால், குடியிருந்த வீடு உருமாறிற்று. குடியிராத வீடு உரு மாறாமல் நின்றது. 1959-இல் அது நாட்டு மரபுச் செல்வங்களைக் காக்கும் அறக்கட்டளையின் பொறுப்புக்கு வந்தது.

நம் நாட்டில் இதற்கு நேர்மாறான ஊழை மதுரைத் திருமலை நாயக்கர் மகாலில் காண்கிறோம். 1636-இல் எழுந்த அந்த அரண்மனையைத் திருமலை நாயக்கரின் பேரர் சொக்கநாத நாயக்கரே சிதைத்தார். தலைநகரைத் திருச்சிராப்பள்ளிக்கு மாற்றிய அவர், அங்கே தமக்கு அரண்மனை எழுப்புவதற்காக மதுரையிலிருந்து வேலைப்பாடுகளைப் பெயர்த்துக் கொண்டு சென்றார் என்பர். முன்பு இருந்ததில் ஒரு சிறு பகுதியே இன்று எஞ்சியுள்ளது. 1866 முதல் 1872 வரை சென்னை ஆளுநராக இருந்த நேப்பியர் பிரபுவின் முயற்சியால் அது பழுது பார்க்கப்பட்டது. பின்னர் அதிலே நீதிமன்றம் நெடுங்காலம் நடந்தது. வீடு பயன்பட்டது, ஆனால் வீடாகப் பயன்படவில்லை.

சந்திரகிரிக்கு நேர்ந்தது இவ்விரண்டுக்கும் இடைப்பட்டது. வேங்கடபதி ராயர் தம் பிற்காலத்தில் வேலூரையும் தலைநகராகக் கொண்டார். 1614-இல் அவர் மறைந்ததும் அரியணைக்காக உள்நாட்டுப் போர் மூண்டது. 1646-இல் கோல்கொண்டாவினர் சந்திரகிரியைக் கைப்பற்றினர். ஒரு நூற்றாண்டுக்குப் பின் கோட்டை ஆற்காட்டு நவாபு வசமாயிற்று. நவாபின் உடன்பிறந்தார் அப்துல் வகாப் கான் இதில் இருந்து, திருப்பதிக்கும் பாதுகாவலராக விளங்கினார். 1782-இல் ஐதர் அலி இதைப் பெற்றார். 1792 உடன்படிக்கை வரையில் இது மைசூரார் கையில் இருந்தது. அதற்குப் பின் படையும் இல்லை, அவையும் இல்லை. ஐந்து ஆட்சிகள் கைமாறியும், இங்கே ஒருவரும் பெரிதாக எதையும் கட்டவில்லை. அரசு விலகிய இடத்தில் பெரும்பொருள் செலவிட யாருக்கும் மனம் வரவில்லை. அந்தப் புறக்கணிப்பே மாளிகையின் உருவத்தைக் காத்தது எனலாம்.

19 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், சென்னை அரசாங்கத்தின் கட்டடக் கலைஞராக விளங்கிய ராபர்ட் சிஷோம் இம்மாளிகையை ஆராய்ந்து, 1883-இல் ஒரு கட்டுரை வெளியிட்டார். சென்னைக் கடற்கரையில் பல்கலைக்கழகத்தின் செனட் மண்டபத்தைக் கட்டியவர் இவரே. கூரிய வளைவும் நம் நாட்டுச் சிகரமும் ஒன்றுகூடும் கட்டட முறையை ஆங்கிலேயர் புதிதாகக் கண்டுபிடித்ததாக நாம் எண்ணுகிறோம். அவ்விரண்டையும் சந்திரகிரிக் கொத்தர்கள் ஏறத்தாழ 300 ஆண்டுகளுக்கு முன்பே இணைத்துவிட்டனர்.

இனி, தமிழர்க்கு மிகவும் நெருங்கிய ஒரு கதைக்கு வருவோம். சென்னைப் பட்டினத்தின் நிலத்தை ஆங்கிலேயர்க்கு வழங்கிய பட்டயம் 1639-இல் இந்த ராஜ மகாலில்தான் ஸ்ரீரங்க ராயரால் கையெழுத்திடப்பட்டது என்று பல நூல்களில் எழுதப்பட்டு வந்துள்ளது. இதைக் கேட்கும்போது நமக்கு மெய் சிலிர்க்கிறது. ஆயினும் ஆண்டுகளை வரிசைப்படுத்திப் பார்க்க வேண்டும். 1639 ஆகஸ்டில் பிரான்சிஸ் டேக்குப் பட்டயம் அளித்தவர் இக்கடற்கரைப் பகுதியை ஆண்ட தாமர்ல வேங்கடப்ப நாயக்கர். அப்போது அரியணையில் இருந்த வேந்தர் மூன்றாம் வேங்கடபதி ராயர். ஸ்ரீரங்க ராயர் பட்டத்துக்கு வந்ததோ 1642-இல். ஆங்கிலேயரின் உரிமையை அவர் உறுதி செய்து புதிய பட்டயம் அளித்தது 1645-இல். ஆகவே 1639 என்னும் ஆண்டும் ஸ்ரீரங்கர் என்னும் பெயரும் ஒரே பட்டயத்தில் சேர இயலாது. இரண்டு நிகழ்ச்சிகளை மக்கள் நினைவு ஒன்றாகக் கோத்துவிட்டது.

அப்படியானால் சென்னைக்கும் சந்திரகிரிக்கும் தொடர்பில்லையா என்று கேட்கலாம். தொடர்பு உண்டு. நாயக்கர் ஆண்ட நிலம் யாருடைய மேலாட்சிக்கு உட்பட்டதோ, அந்த அரச மரபின் இருக்கைகள் சந்திரகிரியும் வேலூருமே. நாயக்கர் தந்த உரிமை போதாதென்று ஆங்கிலேயர் அம்மரபின் வேந்தரையே நாடிச் சென்றதும் அதனால்தான். இது உண்மை. இதனினும் மிகுந்ததை நாம் சொல்ல வேண்டியதில்லை. மாளிகையின் பெருமைக்கு இவ்வுண்மையே போதும்.

இவ்வளவு வற்புறுத்திச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. சந்திரகிரி வெகு காலம் வட ஆற்காடு மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. 1911-இல் சித்தூர் மாவட்டம் பிரிக்கப்பட்டபோது அதிற் சேர்ந்தது. 1953-இல் ஆந்திர மாநிலம் அமைந்தது. 1960-இல் எல்லைகள் திருத்தப்பட்டபோது திருத்தணி தமிழகத்துக்கு வந்தது. சந்திரகிரி ஆந்திரத்திலேயே நின்றது. 2022-இல் புதிய திருப்பதி மாவட்டம் உருவானபோது அதனுள் அடங்கிற்று. ஒரு நூற்றாண்டுக்குச் சற்று மேற்பட்ட காலத்தில் இத்தனை முறை கோடுகள் மாறின. குன்று மட்டும் நகரவில்லை. எல்லை பிரியும் நாள்களில் பழைய கட்டடங்களைப் பற்றிய கதைகள் வழக்காடுவோர்க்குச் சான்றுகளாகிவிடுகின்றன. 'இது எம்முடையது' என்று சொல்வதற்காகவே சில கதைகள் பெருத்து வளர்கின்றன. இங்கே குடியேறி வாழும் நமக்கு அத்தகைய கதை தேவையில்லை. சோழநாட்டு எல்லையில் எழுந்து, தெலுங்கு பேசிய வேந்தர் வீற்றிருந்து, தக்காணத்து வளைவைத் தாங்கி, தமிழ்க் கோயிலின் சிகரத்தைச் சூடி நிற்கும் இம்மாளிகையைத் தனியே ஒருவருடையது என்று யாராலும் சொல்ல முடியாது. யாருக்கும் இது அயலார் வீடும் அன்று.

இன்று இம்மாளிகை இந்தியத் தொல்லியல் துறையின் காவலில் உள்ளது. ராஜ மகாலில் அருங்காட்சியகம் அமைந்துள்ளது. குடிமல்லம், கண்டிகோட்டை, யாகண்டி முதலிய இடங்களிலிருந்து கொணர்ந்த சிற்பங்கள் அங்கே வைக்கப்பட்டுள்ளன. அரசர் அமர்ந்த இடத்தில் இப்போது பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக நடந்து போகின்றனர். இதுவும் ஒரு மாற்றமே. ஆனால் சுவரை இடிக்காத மாற்றம். ஒரு பழைய வீட்டைக் காப்பதற்கு இருவழிகள் இருந்ததைக் கண்டோம்: ஒன்று, பயன்படுத்திப் பழுது பார்ப்பது, மற்றொன்று, அறியாமலே விட்டுவைப்பது. முன்பு சந்திரகிரியைக் காத்தது இரண்டாவது வழி. இனி அதைக் காக்க வேண்டியது முதல் வழியே. காரை பெயர்ந்த இடத்தில் சிமிட்டியைப் பூசாமல் சுண்ணாம்பையே பூசுவதும், சுவரில் பெயரைக் கிறுக்காமல் பிள்ளைகளைத் தடுப்பதும் அவ்வழியைச் சேர்ந்தவையே.

திருமலையில் நைவேத்தியம் ஆனதும் மணி ஒலிக்குமாம். அவ்வொலியை மண்டபத்துக்கு மண்டபம் மணியடித்துச் சந்திரகிரி வரையில் கொண்டுவருவராம். அதைக் கேட்ட பிறகே அரசர் உணவு கொள்வராம். இப்படியொரு செவிவழிச் செய்தி இங்கே உண்டு. சந்திரகிரியை அடுத்த சீனிவாச மங்காபுரத்தின் பக்கத்திலிருந்து திருமலைக்கு ஏறும் ஸ்ரீவாரி மெட்டு என்னும் படிவழியில்தான் அரசர்கள் மலையேறினர் என்றும் சொல்வர்.

அடுத்த முறை ஊரிலிருந்து உறவினர் வரும்போது, தரிசனம் முடிந்த மறுநாளில் அரை நாளை இதற்கென ஒதுக்குவோம். பிள்ளைகளை உடன் அழைத்துச் செல்வோம். வளைவு எங்கிருந்து வந்தது, சிகரம் எங்கிருந்து வந்தது என்று அவர்களையே கண்டுபிடிக்கச் சொல்வோம். யார் கட்டினார் என்று அவர்கள் கேட்டால் விடை சொல்வோம். அதற்குப் பிறகு என்ன ஆயிற்று என்று அவர்கள் கேட்டால், மேலும் மகிழ்ச்சியோடு விடை சொல்வோம்.